நடு வீடும் நாலு தறியும்

ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிடுவதில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, அவன் வாயைத் திறக்க மாட்டான். இன்னொன்று, மூட மாட்டான். நான் எந்த வகை என்று தெரிந்தேதான் எங்கள் பழைய அலுவலகத்தில் போன மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி. எல்லார் கையிலும் ஒரு டேப்லெட். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், வீட்டு வருமானத்த உள்ள போட்டாப் போதும், மீடியன் அதுவே வந்துடுது. நீங்கல்லாம் கையாலயா போட்டீங்க?" என்று கேட்டாள்.

"கையால போட்டது கம்மிம்மா. காலால போட்டதுதான் ஜாஸ்தி" என்றேன். சிரித்தார்கள். சிரித்த பிள்ளைகளுக்கு ஒரு தெருவின் கதையைச் சொன்னேன். அதையே எழுதிக் கொடுங்கள் என்று இப்போது கேட்கிறார்கள். எழுதுகிறேன். அந்த ஊரின் பேரை மட்டும் சொல்ல மாட்டேன். ஆட்களின் பேரையும் மாற்றியிருக்கிறேன். எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். ஒரு வீட்டுக்குள் கேட்டது வாசலைத் தாண்டக் கூடாது.

என் படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றது. தற்காலிகக் கணக்கெடுப்பாளனாகச் சேர்ந்து, அட்டையில்லாத பழைய புள்ளியியல் புத்தகம் ஒன்றை ஆரணி நூலகத்தில் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்து, புரியாததைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் பேசிப் புரிந்துகொண்டவன் நான். மீடியன் என்பதை எனக்குப் புரியவைத்தவர் கண்ணமங்கலம் பஸ்ஸில் வந்த ஒரு பட்டு வியாபாரி. "ஒரு கடை மொதலாளியும் பத்து நெசவாளியும் ஒரே பெஞ்சில உக்காந்தாங்கன்னு வெச்சிக்கோ. சராசரி போட்டா பெஞ்சில கீற எல்லாருமே பணக்காரங்க. ஆனா டீக்குத் துட்டுக் குடுக்கறது மொதலாளி மட்டுந்தான்" என்றார். அதற்கு மேல் எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆகவே நாங்கள் சராசரியை நம்புவதில்லை. ஊரில் உள்ள வீடுகளை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் எந்த வீடு நிற்கிறதோ, அதன் வருமானம்தான் இடைநிலை வருமானம். நான் அதை நடு வீடு என்பேன். சில வருடங்களுக்கு ஒரு முறை அதே ஊர்களுக்கு, அதே வீடுகளுக்குத் திரும்பப் போவோம். நடு வீடு மேலே ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்ப்போம். கேட்கச் சுலபம். ஆனால் ஆரணிப் பக்கம் ஒரு நெசவாளியிடம் போய், "மாச வருமானம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "மாசத்துக்கா?" என்று நம்மைப் பாவம் பார்ப்பார்.

அவர்களுக்கு மாதம் கிடையாது, பாவுதான். முதலாளி பாவு என்கிற நீளவாட்டு நூலும் ஊடை என்கிற குறுக்கு நூலும் ஜரிகையும் கொடுப்பார். ஒரு பாவு தறியில் ஏறினால் அது புடவை புடவையாக அறுபட்டு இறங்கும்வரை ஒரு காலம். அது மாதத்துக்கு முன்னாலும் முடியும், பின்னாலும் போகும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தறி நிற்கும். மழை வந்தால் நிற்கும். முதலாளி அடுத்த பாவு தராவிட்டாலும் நிற்கும். தெள்ளார்ப் பக்கம் விவசாயிக்குப் போகம், இங்கே பாவு. இதை மாதமாக மாற்றி எழுதுவதற்குள் எங்களுக்குப் பாதி ஆயுள்.

அதை எங்களுக்கு ஒழுங்கு செய்து கொடுத்தவர் வசந்தா மேடம். என்னைவிட வயதில் சிறியவர். நேரடியாக அதிகாரியாக வந்தவர். வந்த புதிதில், இந்தம்மா ஜீப்பை விட்டு இறங்காது என்று நாங்கள் பந்தயம் கட்டினோம். ஒரே வாரத்தில் எல்லாரும் தோற்றோம். அவருக்கென்று சில வழக்கங்கள் உண்டு. யார் வீட்டு வாசலானாலும் செருப்பைக் கழற்றித் தெருப்பக்கம் மூக்கு பார்க்கத் திருப்பி வைப்பார். சீக்கிரம் போய்விடுவோம் என்று வீட்டுக்காரருக்குத் தைரியம் வருமாம். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். பதில் சொல்கிறவர் எந்த உயரத்தில் இருக்கிறாரோ அதே உயரம். குழிக்குள் காலை விட்டு நெய்கிற குழித்தறியில் இருப்பவரென்றால் இவரும் தரையில்தான். எதிராளி பேசும்போது எழுதவே மாட்டார். பேசி முடித்த பிறகுதான் பென்சில் அசையும். "நாம எழுதறதப் பாத்தா மனுசங்க எழுதறதுக்கு ஏத்த மாதிரிப் பேச ஆரம்பிச்சுடுவாங்க, ஏழுமலை" என்பார்.

யார் எதைத் தப்பாகச் செய்தாலும் தப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. "இன்னொரு தடவ கேட்டுப் பாப்போமா?" என்பார். அதைக் கேட்டதும் நாங்கள் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவோம்.

அவர் கொண்டுவந்த முறை இதுதான். தறி எவ்வளவு ஓடியது என்று கேட்கக் கூடாது. எப்போதெல்லாம் நின்றது என்று கேட்க வேண்டும். ஓடியதைக் கேட்டால் பெருமை வரும், நின்றதைக் கேட்டால் நடந்தது வரும். நானும் சோதித்துப் பார்த்தேன். "வருசம் பூரா ஓட்றோம்ங்க" என்று நெஞ்சை நிமிர்த்தின ஆளிடம், "எப்ப நின்னுச்சு?" என்று கேட்டால், "ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க" என்று ஆரம்பித்து, மாமனார் காரியத்துக்கு நின்றது, அச்சுப் பல் உடைந்து நின்றது, ஐப்பசியில் பாவு நனைந்து நின்றது என்று வருடம் முழுவதும் வரிசையாக வந்துவிடும். நின்றதைக் கழித்தால் மிச்சம்தான் ஓடியது.

இந்த முறை நன்றாகப் பழகிய பிறகும் ஒரு தெரு எங்களை ஏமாற்றியது. அதுவும் அன்பாக ஏமாற்றியது.

வழக்கமாகப் புரட்டாசியில் போகிற சுற்று அந்த வருடம் உத்தரவு தாமதமாகித் தை மாதத்துக்கு வந்து விழுந்தது. நான் போக வேண்டிய நாளன்று காலையில் ஆரணியில் அலுவலக நண்பர் வீட்டுக் கல்யாணம். நானும் சக ஊழியர் மல்லிகாவும் அங்கே சாப்பிட்டுவிட்டு அப்படியே அந்த நெசவுத் தெருவுக்குப் போனோம். நான் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. மல்லிகா பட்டுப்புடவை. இருவர் கையிலும் தாம்பூலப் பை.

தெருமுனையில் ஒரு பெரியவரிடம் அடையாள அட்டையைக் காட்டி, "கணக்கெடுக்க வந்திருக்கோம் ஐயா" என்றேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. மல்லிகாவின் புடவையைப் பார்த்தார். "எடுங்க எடுங்க. நல்லா எடுங்க. எல்லாம் நல்ல வீடுங்க" என்று கண்ணைச் சிமிட்டினார். எனக்கு ஏன் என்று புரியவில்லை.

அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த மரியாதையை என் வேலைக்காலத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. போன வீட்டிலெல்லாம் காபி. சில வீட்டில் கேசரி. கேட்கிற கேள்விக்கு முன்னாலேயே பதில். முனுசாமி என்பவர் வீட்டில் போன சுற்றில் இரண்டு தறி. இப்போது அவர் நடுச்சுவரில் இருந்த ஒரு கதவைத் திறந்து, "அந்தாண்ட ரெண்டு. ஆக நாலு" என்றார். எட்டிப் பார்த்தேன், தறிகள் இருந்தன. நின்றதைக் கேட்டால், "எங்க வீட்டுத் தறி நிக்காதுங்க" என்றார். அவர் மனைவி சரோஜா, மல்லிகாவின் தலையில் ஒரு முழம் கதம்பம் வைத்து அனுப்பினார். தெருவே அப்படித்தான் சொன்னது. திரும்பும்போது மல்லிகா, "பரவால்ல சார், நல்லாத் தேறிட்டாங்க" என்றாள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் வறுமையை எழுதின கைக்கு ஒரு நாள் நல்லதை எழுதினால் கசக்கவா செய்யும்?

கணக்குப் போட்டால் அந்தத் தெருவின் நடு வீடு ஒரே தாவலில் எங்கேயோ போயிருந்தது. மேடம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவ கேட்டுப் பாப்போமா, ஏழுமலை?"

அதற்குள் பதில் தானாக வந்து சேர்ந்தது. ஆரணிக் கடைத்தெருவில் பூ வாங்கிக்கொண்டிருந்த மல்லிகாவைச் சரோஜா பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, வந்து பாத்துட்டுப் போனதோட சரி. மாப்பிள்ளை வீட்ல ஒண்ணுமே சொல்லலியா? ஜாதகம் ஒத்துகல்லியா?"

"எந்த மாப்பிள்ளைம்மா?"

"நீங்கதானே பட்டுப்புடவை கட்டிகினு வந்து தறிய எண்ணிகினு போனீங்க?"

"நாங்க அரசாங்கக் கணக்கு எடுக்க வந்தவங்கம்மா."

சரோஜா சிரித்திருக்கிறார். "வர்றவங்க எல்லாம் அதான் சொல்றாங்க. போன வருசம் ஒருத்தரு கொசு மருந்து அடிக்க வந்தேன்னாரு. அப்பால பாத்தா எதிர் வீட்டுப் பொண்ணுக்குப் பெரிய மாமனாரு."

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் யாராவது ஒரு சொந்தக்காரரைச் சத்தமில்லாமல் அனுப்பி அந்தக் குடும்பத்தை விசாரிப்பார்கள். வீடு சொந்தமா, தறி எத்தனை, சம்பாதிக்கிற கை எத்தனை, கடன் உண்டா? எங்கள் படிவத்தில் இருந்த கேள்விகளும் அதே வரிசைதான். வருகிறவர் தான் யார் என்று சொல்ல மாட்டார். வேறு ஏதாவது வேலையாக வந்ததாகச் சொல்வார். தை பிறந்தால் அந்த மாதிரி ஆட்கள் தெருத்தெருவாக வருவார்கள். யார் வீட்டுப் பெண்ணுக்கு வந்த ஆள் என்று தெரியாததால், எந்த வீட்டில் கேட்டாலும் தெருவே சேர்ந்து எல்லா வீட்டையும் உயர்த்திப் பேசும். அது அந்தத் தெருவின் கட்டுப்பாடு. இன்றைக்கு உன் பெண், நாளைக்கு என் பெண்.

மல்லிகா வந்து இதைச் சொன்னபோது மேடம் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. பிறகு சிரிப்பு நின்றது. "வரிசைல ஒருத்தர் மட்டும் நுனிக்கால்ல நின்னா நடுவுல நிக்கறவருக்கு ஒண்ணும் ஆகாது. தெருவே நுனிக்கால்ல நின்னா நடு வீடும் ஒசந்துடும்" என்றார்.

அவர் கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மழைக்காலத்தில் பாவு நீட்டுவதற்கு நெசவு ஊர்களில் நீளமான கூரைக்கொட்டகை கட்டித்தர ஒரு துறை முடிவு செய்திருந்தது. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தடவிச் சிக்கெடுத்தால்தான் தறியில் ஏற்ற முடியும். தூறல் விழுந்தால் அதற்கு வழியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தெருவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எந்த ஊருக்கு முதலில் கொட்டகை என்பதை நடு வீட்டை வைத்துத்தான் பார்க்கப் போகிறார்கள். நாங்கள் எழுதியது அப்படியே போனால் அந்தத் தெருவுக்குக் கொட்டகை இல்லை.

போய்த் திருப்பிக் கேட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதற்கும் முட்டுக்கட்டை இருந்தது. அந்தக் கடைத்தெருப் பேச்சுக்குப் பிறகு நிஜமாகவே தேவிகாபுரத்திலிருந்து முனுசாமியின் மகள் செல்வியை விசாரிக்க ஆள் வந்து, தெரு மொத்தமும் 'நாலு தறி' என்று சாதித்து, அவர்களும் தட்டு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இரண்டு தறி என்று எழுதினால் அந்தப் பேச்சு தேவிகாபுரம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒரு பக்கம் தெருவுக்கு வர வேண்டிய கொட்டகை. இன்னொரு பக்கம் ஒரு பெண்ணின் கல்யாணம்.

மேடமும் நானும் போனோம். சாதாரண உடுப்பில், காலையில். தெருவில் ஒரு பாவு நீட்டியிருந்தது. மேடம் அதன் மேல் தாண்டாமல், குனிந்து அடியில் நுழையாமல், கடைசிவரை நடந்து சுற்றிக்கொண்டு வந்தார். கஞ்சி தடவிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். யாரும் காபி கொண்டுவரவில்லை, விஷயம் தெரிந்துவிட்டிருந்தது.

முனுசாமி என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "ஏன் சார் பேஜார் பண்றீங்க? எழுதனது எழுதனதாவே இருக்கட்டும்."

"கொட்டகை வர வேணாமா?"

"வேணுந்தான். யாரு இல்லன்னது? ஆனா தெருவே எம்பொண்ணுக்காகச் சொல்லிக்கீது. இப்பப் போயி ரெண்டுன்னா தெருவே பொய்யின்னு ஆவாதா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொன்னாங்க. நான் ஆயிரமா சொன்னேன்? ரெண்டு தறி தானே சொன்னேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. வியர்த்திருந்தார்.

உள்ளே போனோம். ஒரு குழித்தறியில் செல்வி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஊடை இழையைக் கொண்டுபோகிற நாடாவை இழுத்தாள். மேடம் முனுசாமியின் தறிப் பக்கம் தரையில் உட்கார்ந்து, பையை மூடியே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"நீங்க சொல்றது இந்த வீட்டத் தாண்டாது. உங்க பேரு எந்த இடத்துலயும் வராது. கொட்டகை வாங்கித் தரேன்னும் நான் சொல்லல. அது என் கைல இல்ல. உள்ளது உள்ளபடி எழுதணும்னு மட்டுந்தான் வந்தேன்."

"நெய்யறவனுக்கு எதுக்குங்க கொரங்குக்குட்டி? உங்க கணக்கு எங்களுக்கு இன்னாத்துக்கு? நாலுன்னே எழுதிக்கோங்க."

"சரிங்க, நாலு" என்றார் மேடம் சாதாரணமாக. "மொதல் தறி எப்பல்லாம் நின்னுச்சு?"

அந்தக் கேள்விக்கு முனுசாமியால் பொய் சொல்ல முடியவில்லை. மாமியார் காரியம், முதலாளி பாவு தராமல் இழுத்தடித்தது, முதுகு பிடித்துக்கொண்டு இவர் படுத்தது என்று தறியின் வருடம் முழுவதையும் கொட்டினார்.

"ரெண்டாவது?"

"அது வந்து..." என்று இழுத்தார். செல்வி நாடாவை நிறுத்தாமலே சொன்னாள்: "ஐப்பசி பூரா நின்னுச்சு. கார்த்திகைல பாவு வந்துச்சு. அது நனைஞ்சு திரும்பவும் நின்னுச்சு."

"மூணாவது?"

முனுசாமி நடுக்கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. அது அவர் தம்பியின் வீடு. மேடம் அவசரப்படுத்தவில்லை. அவருடைய மௌனத்துக்கு எதிரில் நீங்கள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். வட்டிக்காரன் வாசலில் நிற்பதைவிடக் கஷ்டம்.

செல்வியின் நாடா நின்றது.

"ரெண்டு தறிதாங்க மேடம். ஒண்ணு அப்பாவுது, ஒண்ணு என்னுது. நான் கட்டிகினு போனா ஒண்ணுதான். அதச் சொல்ல முடியாமத்தான் எங்கப்பா நாலுன்னு சொல்லிகினு கீறாரு."

"செல்வி, உள்ள போ."

"எங்க போறதுப்பா? குழியிலதானே கீறேன்."

நான் முனுசாமியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை வருடம் நடு வீடு ஏறிற்று, இறங்கிற்று என்று எழுதினேனே, ஒரு பெண் கல்யாணமாகிப் படியிறங்கினால் ஒரு வீடு வரிசையில் எத்தனை வீட்டுக்குப் பின்னால் போய்விடும் என்று நான் யோசித்ததே இல்லை. இந்த மனிதர் தை பிறந்ததிலிருந்து அதை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். பெண்ணுக்குக் கல்யாணமும் ஆக வேண்டும், அவள் சம்பாத்தியத்தில்தான் வீடு நிற்கிறது என்பதும் தெரியக் கூடாது.

"தேவிகாபுரத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சா?" என்றார், குரல் அடங்கி.

"தெரியும்ப்பா. நான் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"அவருகிட்டத்தான். போன்ல."

"போன்லயா? நம்பரு ஏது?"

"அவங்க அக்கா குடுத்தாங்க. ரெண்டு தறிதான், அதுல ஒண்ணு நான் நெய்யறேன்னு சொன்னேன். சிரிச்சாரு. 'எங்கப்பா உங்களுக்குக் காட்டன நெலத்துல பாதி எங்க பெரியப்பாது'ன்னாரு."

சமையல் பக்கத்திலிருந்து முதலில் சரோஜா சிரிக்கும் சத்தம் கேட்டது. முனுசாமி நடுக்கதவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அங்கியும் ஒரு நடுக்கதவு கீது" என்றார்.

மேடம் அப்போதுதான் பையைத் திறந்து பென்சிலை எடுத்தார். ஆனால் முனுசாமி இன்னும் அசையவில்லை. "அது சரிம்மா. நீ போனப்பறம்?"

"நான் இல்லியா?" என்று கையைத் துடைத்துக்கொண்டே சரோஜா வந்தார். "தாருல நூல் சுத்தற கைக்கு நாடா இழுக்கத் தெரியாதா?"

"உனக்கின்னா தறி தெரியும்?"

"உங்ககூடக் குடும்பம் நடத்தத் தெரிஞ்சவளுக்குத் தறி இன்னா பெருசு? கத்துக்க மாட்டனா? செல்வி, ஜரிகை எடுக்கறத மட்டும் கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிக் குடுத்துட்டுப் போ."

"நாளைக்கே உக்காரும்மா. எம்புடவையக் கெடுக்காம இருந்தா சரி."

"பாத்தீங்களா மேடம், இப்பவே மாமியா மாதிரி பேசறா" என்றார் சரோஜா.

முனுசாமி மேடத்திடம் திரும்பி, "ரெண்டுன்னு எழுதிக்கோங்க" என்றார். அந்த மனிதர் அதைச் சொன்னபோது பாரம் இறக்கின மாட்டைப் போல ஒரு மூச்சு விட்டார். பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. எல்லாரும் காதைச் சுவரில் வைத்திருந்தார்கள் போல.

நாங்கள் வெளியே வருவதற்குள் அடுத்த வீட்டுக்காரர் நின்றார். "எங்களுதையும் கொஞ்சம் சரி பண்ணிக்கோங்க." பிறகு அதற்கடுத்த வீடு. மேடம் யாரையும் தெருவில் வைத்துப் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், கதவைச் சாத்தச் சொல்லி, தரையில் உட்கார்ந்து, நின்ற தறியைக் கேட்டு, அவர்கள் பேசி முடித்த பிறகே எழுதினார். வீட்டில் பெண்ணோ பையனோ கல்யாணத்துக்கு நிற்கிறவர்களிடம், "இது எனக்கு. விசாரிக்க வர்றவங்களுக்கு நீங்க என்ன சொல்றீங்கன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே பாதித் தெரு இளகியது.

ஒரே ஒருவர், தெருவிலேயே வசதியானவர், முன்பு சொன்னதையே சாதித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மேடம் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தார். "அவரு எப்படியும் நடு வீட்டுக்கு மேலதான் நிப்பாரு, ஏழுமலை. எவ்வளவு மேலன்னு தெரிஞ்சு நமக்கு என்ன ஆகப் போகுது? விடுங்க, பாவம்." மீடியன் என்ற சங்கதியில் இத்தனை இரக்கம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யாரையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்காமலே அது தன் வேலையைச் செய்துவிடும்.

மறுபடி கணக்குப் போட்டோம். நடு வீடு போன சுற்றில் நின்ற இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. அதை அனுப்பினோம். அந்தச் சுற்றிலிருந்து தை, மாசியில் நெசவு ஊர்களுக்குப் போவதில்லை என்று மேடம் ஒரு குறிப்பு எழுதினார், மேலே ஏற்றுக்கொண்டார்கள். காரணம் என்ற இடத்தில் 'உள்ளூர் வழக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

பங்குனியில் செல்விக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வந்தது, அறிக்கை போய்விட்டிருந்ததால் தைரியமாகப் போனோம். முனுசாமியும் சம்பந்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் பெருமை பேச ஒன்றும் மிச்சமில்லாததால் நன்றாகவே பழகிவிட்டார்கள் என்று சரோஜா சொன்னார். செல்வி தேவிகாபுரத்தில் தறி போட இடம் பார்த்திருந்தாள். "அடுத்த வாட்டி வந்தா என் தறிய எந்த வீட்ல எழுதுவீங்க?" என்று மணமேடையிலேயே மேடத்தைக் கேட்டாள். "நீங்க எந்த உலைல சாப்பிடறீங்களோ அந்த வீட்டுலதான்" என்றார் மேடம். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை தலையாட்டிய வேகத்தைப் பார்த்தால் பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி இருந்தது.

கொட்டகை வர நாளாயிற்று. கோப்பு நகர்கிற வேகம் நத்தைக்கே தெரியும். ஆனால் வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சுற்று ஐப்பசியில் வந்தது. ஆரணியில் பஸ் ஏறும்போதே மழை. தெருவில் பாவு இல்லை; தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பாவு நீண்டிருந்தது. நாலைந்து பேர் கஞ்சி தடவிக்கொண்டே யாரையோ கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதத்தில் இந்தத் தெருவில் தறிச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. இப்போது வீட்டுக்கு வீடு கேட்டது.

முனுசாமி ஒரு தறியில் இருந்தார். செல்வி உட்கார்ந்திருந்த குழியில் சரோஜா. ஜரிகைக் கரையில் கண்ணை வைத்துக்கொண்டு, நிமிராமலே, "வாங்க சார். எழுந்துக்க முடியாது, இழை உட்டுப் போயிடும். உள்ள பானையில தண்ணி கீது, நீங்களே மொண்டுக்கோங்க" என்றார்.

போய் மொண்டு குடித்துவிட்டு வந்து, அவர் முடிக்கும்வரை தரையில் உட்கார்ந்திருந்தேன்.